நிறம் பிறப்பது சூளைக்கு வெளியே

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் தோட்டங்களில் ஆண்டின் முதல் மாதங்களில் பால்மரங்கள் இலையுதிர்க்கும். அந்தச் சருகு, ஜப்பானில் தொடங்கிய ராக்கு என்னும் மண்பாண்ட முறைக்கு அருமையான சரக்கு. ராக்குவின் நிறம் புகையில்தான் பிறக்கிறது.

மண்பாண்டத்தின் மேல் பளபளப்பது கண்ணாடிப் பூச்சு. கண்ணாடிக்கு மூலமான சிலிக்கா தனியாக உருக சுமார் 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். போராக்ஸ் போன்ற போரான் சேர்மம் கலந்தால் 1,000 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். நிறத்துக்குக் கொஞ்சம் காப்பர் கார்பனேட்; சூளைச் சூட்டில் அது காப்பர் ஆக்சைடாகிவிடும். ஒருமுறை சுட்ட பாண்டத்தில் இதைப் பூசி நன்றாகக் காயவிட வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் அவசரப்படவே கூடாது. உள்ளே தங்கிய நீர் ஆவியானால் பாண்டம் வெடிக்கும்.

பூச்சு உருகியதும், செஞ்சூட்டில் இருக்கும் பாண்டத்தை நீண்ட இடுக்கியால் சூளையிலிருந்து வெளியே எடுக்கிறார்கள். சாதாரணக் களிமண் இதைத் தாங்காது. அதனால் சுட்ட மண்ணைப் பொடித்து முன்பே களிமண்ணில் பிசைந்திருப்பார்கள். அந்தத் துகள்கள் விரிசல் ஓடுவதைத் தடுக்கும்.

அப்புறம் சருகு நிரப்பிய டின்னுக்குள் வைத்து இறுக்கி மூட வேண்டும். சருகு பற்றிக்கொள்ள, உள்ளே இருந்த ஆக்சிஜன் சட்டென்று தீர்கிறது. முழுதாக எரிய முடியாத புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டாகி, பூச்சில் உள்ள காப்பர் ஆக்சைடிலிருந்தே ஆக்சிஜனைப் பிடுங்குகிறது. ஆக்சிஜனை இழந்த இடத்தில் செம்பு உலோகமாகவே மின்னும். காற்றுப் பட்ட இடம் பச்சையாக நிற்கும். ஒரே சட்டியில் இரண்டும் அக்கம்பக்கமாக வருவது எனக்கு இன்றும் பெரிய அதிசயம். சூடு தணியுமுன் மூடியைத் திறந்தால் செம்பு மறுபடியும் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு பச்சைக்கே திரும்பிவிடும்.

ஆறும்போது பூச்சு மண்ணைவிட அதிகமாகச் சுருங்கினால் மெல்லிய வெடிப்புகள் விழும். அவற்றில் கரி ஏறி, வெள்ளைப் பூச்சின்மேல் கறுப்புக் கோடுகளாகத் தெரியும்.

16ஆம் நூற்றாண்டில் கியோத்தோவில் சோஜிரோ தேநீர்க் கிண்ணங்களுக்காகத் தொடங்கிய முறை இது. அங்கே செஞ்சூட்டில் எடுத்து அப்படியே ஆறவிடுவார்கள். புகையூட்டுவதை 1960 வாக்கில் அமெரிக்கக் குயவர் பால் சோல்ட்னர் சேர்த்தார். ஆனால் நமக்கு அது புதிதல்ல: பக்கத்துக் கோலகங்சாரில், சாயோங் கிராமத்தார் சுட்ட சூட்டோடு உமியில் புதைத்துத்தான் லாபு சாயோங் என்னும் நீர்க்குடுவையைக் கறுப்பாக்குகிறார்கள். பூச்சில்லாத மண்ணின் துளைகளில் கரி நேரே ஏறுகிறது. ராக்குவிலும் பூச்சுப் படாத இடம் இப்படித்தான் கறுக்கும்.

புகையூட்டிய ராக்குவில் சாப்பாடோ தண்ணீரோ வைக்க வேண்டாம். வெடிப்புகளில் கசியும், செம்பும் கரையலாம். சுடுவதைத் திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, அடைத்த கொட்டகையில் அது சேர்வது யாருக்கும் தெரியாது.