பந்தயக் களத்து ஹைபிரிட் சாலைக்கு வரலாமா? ஒரு பட்டறைக்காரரின் பார்வை

2008 ஜூலையில் ஸ்பெயினின் ஹெரெஸ் பந்தயத் தளத்தில் ஃபார்முலா 1 (எஃப்1) கார்ப்பந்தயத்தின் பிஎம்டபிள்யூ சாபர் குழு தன் கெர்ஸ் அமைப்பைச் சோதித்துக்கொண்டிருந்தது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியை மின்சாரமாக்கிச் சேமித்து, வேகமெடுக்கும்போது திருப்பித் தரும் அமைப்பு அது. சுற்று முடிந்து, குழு காரைக் கவனிக்கும் 'பிட்' பகுதிக்கு வந்த காரைத் தொட்ட மெக்கானிக்கை மின்சாரம் தாக்கியது. கீழே விழுந்தார், நல்லவேளை சிறு காயங்களோடு தப்பினார். காரணத்தைத் தேடியபோது, ஹைவோல்டேஜ் பக்கத்திலிருந்து மின்னழுத்தம் கட்டுப்பாட்டுக் கருவி வழியாக 12 வோல்ட் வயரிங்கிற்குள் புகுந்து, ஸ்டியரிங் வரை போய், கார்பன் ஃபைபர் உடல் வழியாகத் திரும்பியது தெரியவந்தது.

கோலாலம்பூரின் செகாம்புட்டில், பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார்களின் ஹைவோல்டேஜ் பகுதியைப் பழுதுபார்ப்பது என் தொழில். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இந்தச் சம்பவத்தைத்தான். கார்பன் ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தும் என்பது பலருக்குத் தெரியாது. ஹைபர்கார் என்று சொல்லப்படும் அதிவேக, விலையுயர்ந்த வண்டிகளின் உடல் முழுக்க அதே கார்பன்தான்.

பந்தயத்துக்காக உருவான ஹைபிரிட் தொழில்நுட்பம் சாலையில் ஓடும் காருக்குத் தேவையா? பட்டறைக்கு வரும் இளைஞர்கள் இதை அடிக்கடி கேட்கிறார்கள். கோலாலம்பூர்காரர்களுக்கு இந்தக் கேள்வியில் ஒரு பாசமும் உண்டு. 1999 முதல் 2017 வரை செப்பாங்கில் எஃப்1 பந்தயம் நடந்தது. நம் இரட்டைக் கோபுரத்தில் தலைமையகம் வைத்திருக்கும் பெட்ரோனாஸ் 2010 முதல் மெர்சிடிஸ் எஃப்1 குழுவோடு இருக்கிறது. அதனால் மெர்சிடிஸின் ஏஎம்ஜி பிரிவு எஃப்1 எஞ்சினோடு சாலைக்குக் கொண்டுவந்த ஏஎம்ஜி ஒன் காரைப் பற்றிப் பேசும்போது, ஏதோ நம் வீட்டுக் கார் என்பதுபோலப் பேசுகிறார்கள்.

என் பதில் இதுதான்: பந்தயத்தில் சூட்டை வெளியேற்றக் கற்ற வித்தையும், ஹைவோல்டேஜோடு பழகும் கட்டுப்பாடும் சாலைக்குக் கட்டாயம் வரட்டும். பந்தய எஞ்சினின் குறுகிய ஆயுள் வர வேண்டாம்.

ஏஎம்ஜி ஒன்னையே எடுத்துக்கொள்வோம். எஃப்1 காரின் 1.6 லிட்டர் வி6 எஞ்சினும் நான்கு மின்மோட்டார்களும் சேர்ந்து 1,063 குதிரைசக்தி. 2017-இல் அறிமுகம் செய்தார்கள், தயாரிப்பு தொடங்க 2022 ஆகிவிட்டது. பந்தய எஞ்சின் நின்ற இடத்திலேயே நிமிடத்துக்கு 5,000 சுற்றுக்குப் பக்கத்தில் உறுமும். சாலைக் காரில் அதை 1,200 சுற்றுக்கு இறக்கி, புகை விதிகளுக்கும் உட்படுத்துவதற்குள் பொறியாளர்கள் பட்ட பாடு பெரிது. இவ்வளவுக்கும் பிறகு 50,000 கிலோமீட்டரில் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். செராஸிலிருந்து ஷா ஆலாமுக்குத் தினமும் வேலைக்குப் போய்வருகிறவர் நாளுக்கு 70 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று வையுங்கள். மூன்று வருடம் முடிவதற்குள் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். 275 பேர் வாங்கிக் கண்ணாடி அறையில் வைத்துக்கொள்ளும் காருக்கு இது பிரச்சினையே இல்லை. ஆனால் இந்த எண்ணம் கீழே இறங்கி, நாம் வாங்கும் விலையில் உள்ள கார்களுக்குள் வந்துவிடக்கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். டர்போவோடு இணைந்து, புகைவாயுவிலிருந்து மின்சாரம் எடுக்கும் எம்ஜியூ-ஹெச் என்ற மோட்டாரை 2026 விதிகளில் எஃப்1-ஏ கைவிட்டுவிட்டது. விலை அதிகம், சிக்கலும் அதிகம். பணத்துக்கும் ஆளுக்கும் குறைவில்லாத அந்த இடத்திலேயே அது கனத்துப்போனது என்றால், சாதாரணப் பட்டறை அதை எப்படித் தாங்கும்? அதற்காக எல்லாம் வீண் என்றும் சொல்லமாட்டேன். டர்போவின் தண்டில் ஒரு சின்ன மின்மோட்டாரை வைத்து உடனே சுழலவைக்கும் யோசனை அங்கிருந்துதான் ஏஎம்ஜியின் சாலைக் கார்களுக்கு வந்தது. எளிமையாக்கி எடுத்துக்கொண்டார்கள், நன்றாக வேலை செய்கிறது.

இப்போது சூட்டுக்கு வருகிறேன். என் தொழிலில் பாதி அதுதான்.

2011 முதல் 2013 வரை மலேசியாவில் ஹைபிரிட் கார்களுக்கு வரிவிலக்கு இருந்தது. ப்ரியஸ், இன்சைட், ஜாஸ் ஹைபிரிட் எல்லாம் அப்போது நிறைய இறங்கின. இன்றைக்கு அவை பத்து வயதைத் தாண்டிவிட்டன. பேட்டரி கெட்டுப்போய் வரும் ப்ரியஸைத் திறந்தால், பின் சீட்டுப் பக்கம் காற்று இழுக்கும் வழியில் தூசியும் பூனை முடியும் அடைத்துக் கிடப்பதைப் பார்க்கலாம். விசிறி சுற்றும், காற்று போகாது. வெளியே 33 டிகிரி. வெயிலில் நின்ற காருக்குள் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. செல்கள் மெதுவாக வெந்துபோகும். குடும்பக் காரில், அதிகம் உழைக்காத பேட்டரிக்கே இந்த நிலைமை.

பந்தயத்தில் அதே அளவு பேட்டரியிடம் பல மடங்கு சக்தியைக் கேட்கிறார்கள். சில நொடி பிரேக்கில் வாரி நிரப்பி, அடுத்த நேர்பாதையில் கொட்டித் தீர்க்க வேண்டும். இதில் பிறக்கும் சூட்டை விசிறி அடக்காது. எஃப்1-இல் கற்ற பாடத்தை வைத்து ஏஎம்ஜி தன் சி63 எஸ்இ பெர்ஃபார்மன்ஸ் காரின் 6.1 கிலோவாட் மணி பேட்டரியில் செய்ததைப் பாருங்கள். மொத்தம் 560 செல்கள். மின்சாரம் கடத்தாத திரவம் சுமார் 14 லிட்டர், ஒவ்வொரு செல்லையும் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. சராசரி 45 டிகிரியில் பேட்டரியை நிறுத்துகிறது. பந்தயத்திலிருந்து வந்த எல்லாவற்றிலும் நான் மனமார வரவேற்பது இதைத்தான். நம் ஊர் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு கிடையாது. ஹைபர்காரில் தொடங்கி, சில வருடங்களில் சாதாரண ஹைபிரிட் வரை இறங்கி வர வேண்டும்.

பேட்டரியின் அளவு பற்றியும் ஒரு வார்த்தை. 2013-இல் மூன்று ஹைபிரிட் ஹைபர்கார்கள் ஒன்றாக வந்தன. லாஃபெராரியின் பேட்டரி வெறும் 2.3 கிலோவாட் மணி. பிளக் கிடையாது, மின்சாரத்தில் மட்டும் ஓடவும் முடியாது. போர்ஷே 918 ஸ்பைடரில் 6.8 கிலோவாட் மணி, பிளக்கில் சொருகலாம், ஊருக்குள் எஞ்சினை எழுப்பாமலே போகலாம். மெக்லாரன் பி1 இரண்டுக்கும் நடுவில். பந்தயத்துக்கு லாஃபெராரி வழி சரி, ஏனென்றால் அங்கே அடுத்த வளைவிலேயே மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். நம் சாலை வேறு. கெந்திங் மலையிலிருந்து இறங்குவதை நினைத்துப் பாருங்கள். 1,700 கிலோ எடையுள்ள கார் 1,200 மீட்டர் உயரம் இறங்கினால் ஏறக்குறைய 5.5 கிலோவாட் மணி சக்தி வெளியாகிறது. காற்றும் டயர் உராய்வும் தின்றது போக மிஞ்சுவதும் சின்ன பேட்டரிக்கு அதிகம். ஏற்கெனவே பாதி நிறைந்திருந்தால் நடுவழியிலேயே நிரம்பிவிடும். அதற்கப்புறம் மோட்டார் பிரேக் பிடிக்காது, முழுப் பாரமும் சாதாரண பிரேக் டிஸ்க்கின் மேல் விழும். ஹைபிரிட் எதை ஓட்டினாலும், மலை இறங்கும்போது பேட்டரி அளவைக் காட்டும் கோட்டில் ஒரு கண் இருக்கட்டும். கியரைக் குறைத்து எஞ்சினையும் வேலை செய்யவிடுங்கள்.

அடுத்தது பாதுகாப்பு. இதில்தான் எனக்குக் கவலை அதிகம். எஃப்1 காரில் ஓட்டுநரின் தலைக்கருகே ஒரு விளக்கு இருக்கும். பச்சை எரிந்தால் தொடலாம், சிவப்பு எரிந்தால் தொடக்கூடாது. மின்கசிவு சந்தேகம் வந்தால் ஓட்டுநர் காரையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் குதித்து இறங்குகிறார். தளப் பணியாளர்கள் ரப்பர் கையுறை போடுகிறார்கள். ஹெரெஸ் சம்பவம் மாதிரியான பாடங்களிலிருந்து வந்த பழக்கம் இது. அதே தொழில்நுட்பம் நம் சாலைக்கு வந்தபோது அந்த விளக்கு கூடவே வரவில்லை. நெடுஞ்சாலையில் மோதிக்கிடக்கும் காரை முதலில் நெருங்குவது யார்? பின்னால் வந்த மோட்டார்சைக்கிள்காரர், இழுவை லோரிக்காரர், பொம்பா எனும் தீயணைப்பு வீரர்கள். காருக்குள் ஹைவோல்டேஜ் உயிரோடு இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்தே தெரிந்துகொள்ள அவர்களுக்கு ஒரு வழி வேண்டும். குதிரைசக்தியை இறக்குமதி செய்கிற நிறுவனங்கள் அந்த விளக்கையும் சேர்த்து இறக்குமதி செய்யட்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஹைவோல்டேஜ் ஓடும் ஆரஞ்சு நிற கேபிள் எந்தக் காரில் இருந்தாலும் அதை நீங்கள் தொடாதீர்கள். நேர்மின்சாரத்தில் 60 வோல்ட்டைத் தாண்டினாலே ஆபத்து என்பது எங்கள் கணக்கு. இந்தக் கார்களில் ஓடுவது பல நூறு வோல்ட். பட்டறையில் நாங்கள்கூட பேட்டரியைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவிவிட்டு உடனே கை வைப்பதில்லை. பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வர்ட்டரில் தேங்கிய மின்சாரம் வடிய, தயாரிப்பாளர் சொன்ன நேரம் காத்திருந்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் வேலை. கையுறையை ஒவ்வொரு முறையும் காற்றடைத்து, ஊசித் துளை இருக்கிறதா என்று பார்த்துத்தான் போடுவோம்.

வெள்ளம் வந்தால்? 2021 டிசம்பரை யாரும் மறந்திருக்கமாட்டோம். கொண்டோ அடுக்குமாடியின் அடித்தளக் கார் நிறுத்துமிடத்தில் ஹைபிரிட் மூழ்கியிருந்தால், தண்ணீர் வடிந்த பிறகு ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். மூழ்கிய லித்தியம் பேட்டரி சில நாள் கழித்தும் தீப்பிடிக்கலாம். காரை இழுத்து, மற்ற வண்டிகளும் கட்டடமும் இல்லாத திறந்தவெளியில் நிறுத்தச் சொல்லுங்கள். புகையோ சீறும் சத்தமோ வந்தால் விலகி நின்று 999-ஐ அழையுங்கள். இது ஹைபிரிட் கார் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

அண்மையில் ஒரு தம்பி, ரீகான் கார், அதாவது வெளிநாட்டில் ஓடி இங்கே இறக்குமதியான கார், விற்கும் கடையில் பார்த்துவிட்டு வந்த வேகமான ஹைபிரிட் ஒன்றின் படத்தைக் காட்டினார். "அண்ணே, விலை நல்லா இறங்கியிருக்கு, எடுக்கலாமா?" என்றார். ஏன் இறங்கியது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. விற்பவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்கவைப்பார்கள், பேட்டரி வயதைப் பற்றிப் பேசமாட்டார்கள். 2024-இல் ஃபெராரி தன் ஹைபிரிட் கார்களுக்குக் கொண்டுவந்த நீட்டித்த உத்தரவாதத்தில், எட்டாவது வருடத்திலும் பதினாறாவது வருடத்திலும் பேட்டரியை மாற்றித் தரும் திட்டம் இருக்கிறது. தயாரித்தவரே இப்படிக் கணக்குப் போடும்போது வாங்குகிறவர் போடாமல் இருக்கலாமா?

அந்தத் தம்பியை மூன்று தாள்களோடு வரச் சொன்னேன்: செல் வாரியாக மின்னழுத்தம் காட்டும் ஸ்கேன் அறிக்கை, ஹைவோல்டேஜ் உடலுக்குக் கசியவில்லை என்று காட்டும் காப்புத் தடை சோதனையின் முடிவு, பேட்டரியின் குளிர்விக்கும் திரவம் கடைசியாக எப்போது, யாரால் மாற்றப்பட்டது என்ற சர்வீஸ் பதிவு. கடைக்காரர் மூன்றையும் கொடுத்தால், கூட வந்து காரைத் தூக்கிப் பார்க்கிறேன் என்றேன். அவருக்கு ஒரு தாள்தான் கிடைத்தது, அதுவும் எஞ்சின் ஆயில் மாற்றிய ரசீது. தம்பி அந்தக் காரை எடுக்கவில்லை. இப்போது வேறொன்று தேடிக்கொண்டிருக்கிறார், இந்த முறை கேள்விகளை முதலில் அவரே கேட்கிறார்.