அணைத்த கணினிக்குள் விழித்திருக்கும் 5 வோல்ட்

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “சார், அடைமழை விட்டதிலிருந்து கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை. பட்டனை அழுத்தினால் ஃபேன் கூடச் சுற்றவில்லை. மதர்போர்டு போச்சு என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?”

நம்புவதற்கு முன் ஊதா நிற வயர் ஒன்றை அளந்து பார்த்துவிடலாம்.

பிளக்கில் கரன்ட் வருகிறதா, பவர் கார்டு சரியா, பெட்டியின் பின்னால் உள்ள சின்ன சுவிட்ச் ஆனில் இருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்திருப்பீர்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததே, அப்படி நனைந்த கணினி என்றால் கதை வேறு. நன்றாகக் காயும் வரை பிளக்கையே மாட்டாதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பழைய கணினிகளின் பெரிய சுவிட்ச் வீட்டு மின்சாரத்தையே நேரடியாக இணைத்தது, துண்டித்தது. மதர்போர்டும் மின்சாரப் பெட்டியும் எப்படி இருக்க வேண்டும் என்று வகுத்து 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அமைப்பு அதை மாற்றிவிட்டது. இன்றைய பட்டன் 230 வோல்ட்டைத் தொடுவதே இல்லை. அது ஒரு காலிங் பெல். அழுத்தினால் கதவு திறந்துகொள்ளாது. உள்ளே யாராவது விழித்திருந்து வந்து திறக்க வேண்டும்.

விழித்திருப்பது ஸ்டாண்ட்பை 5 வோல்ட். வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்ற சின்ன வோல்ட்டுகளாக மாற்றித்தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் பெரிய மின்மாற்றுச் சுற்றோடு ஒரு குட்டிச் சுற்றும் உண்டு. பிளக்கில் கரன்ட் இருக்கும்வரை, நீங்கள் தூங்கும்போதும் அது ஓயாமல் 5 வோல்ட் தயாரித்து ஊதா வயர் வழியே மதர்போர்டுக்கு அனுப்புகிறது. அந்தச் சொற்ப மின்சாரத்தில் ஒரு சிப் காத்திருக்கிறது. பட்டனை அழுத்தியதும் அந்த சிப், பச்சை வயரின் மின்னழுத்தத்தைக் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறக்குகிறது. பெரிய சுற்று எழுந்துகொள்ள அதுதான் உத்தரவு.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதற்கு அப்புறம்தான். 12, 5, 3.3 வோல்ட்டுகள் எழும்பி வந்தாலும் பிராசஸர் உடனே ஓடத் தொடங்குவதில்லை. ஆடிக்கொண்டிருக்கும் மின்னழுத்தத்தில் 0 எது, 1 எது என்று அதற்குப் பிடிபடாது. எஸ்.எம்.பி.எஸ். எல்லா அளவுகளும் நிலைப்பட்டதை உறுதிசெய்து, இன்னும் 0.1 முதல் 0.5 நொடி வரை பொறுத்து, சாம்பல் நிற வயரில் ‘பவர் குட்’ என்று சொல்கிறது. அதுவரை பிராசஸர் ரீசெட்டிலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். அரை நொடிக்குள் இவ்வளவு நிதானம்! இதை முதலில் யோசித்த பொறியாளர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறைகிறது.

இப்போது பழுது எங்கே என்று தேடலாம். ராப்பகலாக உழைக்கும் அந்தக் குட்டிச் சுற்றில் உள்ள, மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர் சூட்டில் மெல்ல வறண்டுவிடும். ஸ்டாண்ட்பை 5 வோல்ட் இறங்கிவிட்டால் பெல்லைக் கேட்க ஆளில்லை. நல்ல மதர்போர்டும் செத்ததுபோல் கிடக்கும்.

கடலோரத்துக்காரர்களுக்கு இன்னொரு எதிரி உப்பு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையும். கரைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தும். கடற்காற்றோடு வந்து தூசியில் படிந்த உப்பு, ஐப்பசி கார்த்திகையில் சுவிட்ச் முனைகளையும் ரேம் முனைகளையும் அரிப்பது இப்படித்தான். பட்டன் உள்ளேயே சிக்கிக்கொண்டால் கணினி ஆன் ஆகி நாலைந்து நொடியில் அணைந்துவிடும். நாம் வேண்டுமென்றே அழுத்திப் பிடிப்பதாக அது நினைத்துக்கொள்கிறது.

மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். 24 முனை கனெக்டரை மதர்போர்டில் மாட்டியபடியே, பின்புறமாகக் கறுப்பு வயருக்கும் ஊதாவுக்கும் இடையே அளந்து பாருங்கள். 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் இல்லையென்றால் சந்தேகம் முதலில் எஸ்.எம்.பி.எஸ். மேல். இருந்தால், பட்டனை அழுத்தும்போது பச்சை வயர் இறங்குகிறதா பாருங்கள். இறங்காவிட்டால் மதர்போர்டில் பட்டன் வயர் மாட்டும் இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொடுங்கள். கணினி எழுந்தால் போனது பட்டன் மட்டும்தான். எழாவிட்டால்தான் மதர்போர்டைச் சந்தேகிக்க வேண்டும்.

நின்றுபோன கணினிக்குக் கண்திருஷ்டி என்று எலுமிச்சம்பழம் கட்டும் அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்பது நன்றி, அது வேறு. பழுதுக்குக் காரணம் இருக்கிறது, அதை அளக்கவும் முடியும். பள்ளி, கல்லூரிகளுக்குப் புதுக் கணினி வாங்கித்தரும் அரசு, ஆய்வகத்துக்குப் பத்து மல்டிமீட்டரும் தரவேண்டும். மூலையில் அடுக்கிய பழைய பெட்டிகளை விட நல்ல பாடப்புத்தகம் மாணவர்களுக்குக் கிடைக்காது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சில நேரம் அப்படியே இருக்கும்.