‘புதிய வார்ப்பு’ என்ஜின்: வாங்கும் முன் கவிழ்த்துப் பாருங்கள்

மாதிரி ரயில் என்ஜின்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். ‘புதிய வார்ப்பு’ என்று அச்சிட்ட பெட்டிகள் என் மேசைக்கு அடிக்கடி வருகின்றன. மலிவு வரிசைகளில் இச்சொல்லுக்கு ஒரே பொருள் கிடையாது. மேலுடலை மட்டும் புதிதாக வார்த்து, பழைய மோட்டாரையே உள்ளே வைத்திருக்கலாம். மேலுடலைத் தொடாமல் அடிச்சட்டத்தை மட்டும் மாற்றியிருக்கவும் கூடும். ஓட்டத்தின் தரம் அடிச்சட்டத்தில்தான் இருக்கிறது, விளம்பரப் படத்திலோ மேலுடல் மட்டுமே தெரியும்.

‘ஓஓ’ (OO, நிஜ ரயிலில் 76-இல் ஒரு பங்கு) அளவில் வந்த பழைய மலிவு நீராவி என்ஜின்கள் பலவற்றில் மோட்டார் என்ஜினுக்குள் இராது, பின்னால் வரும் டெண்டர் எனும் கரி, நீர்ப் பெட்டியில் இருக்கும். டெண்டர் தள்ள, என்ஜினின் பெரிய சக்கரங்கள் சும்மா உருள வேண்டும். அழுக்கு சேர்ந்துவிட்டால் அவை உருளாமல் தண்டவாளத்தில் வழுக்கிக்கொண்டு போகும். ஒரு பக்கத் தண்டவாளத்தின் மின்சாரத்தை என்ஜினும் மறுபக்கத்தினதை டெண்டரும் எடுத்து, இரண்டையும் இணைக்கும் கொக்கி வழியாக மோட்டாருக்குக் கொடுக்கும் அமைப்பும் உண்டு. அத்தகைய என்ஜின் விட்டுவிட்டு ஓடினால், மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் அந்தக் கொக்கியைத் துடைத்துப் பாருங்கள். பாதி வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும். புதிய அடிச்சட்டங்களில் மோட்டார் என்ஜினுக்குள் வந்துவிட்டதாலும், கூடுதல் சக்கரங்கள் மின்சாரம் எடுப்பதாலும், ஊர்ந்து செல்லும் வேகத்திலும் ஓட்டம் தடுமாறுவதில்லை. ஆனாலும் பழையதை நான் இகழமாட்டேன்: அதில் மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்தால் பிரஷை மட்டும் மாற்றலாம், புதியவற்றில் உள்ள மூடிய உருளை மோட்டார் போய்விட்டால் முழுவதையும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

உண்மையான ஆபத்து, பழைய என்ஜினில் டிசிசி (DCC, டிஜிட்டல் கட்டளை முறை) டீகோடர், அதாவது தண்டவாளம் வழியே வரும் கட்டளைப்படி மோட்டாரை இயக்கும் சிறு மின்னணுப் பலகை, பொருத்தும்போது வருகிறது. அண்மையில் ஒருவர் தாமே பொருத்திய என்ஜினைக் கொண்டுவந்தார்; மூடியைத் திறந்ததுமே கருகிய வாடை அடித்தது. அதில் இருந்தது ட்ரையாங் நிறுவனத்தின் எக்ஸ்04 வகைத் திறந்த மோட்டார். அதன் பிரஷ்களை அழுத்தும் கம்பிச் சுருளின் ஒரு கையில் மட்டும் சிறு காப்புக் குழல் மாட்டியிருக்கும், மற்றக் கை உலோகச் சட்டத்தைத் தொட்டு, அதன் வழியே ஒரு பக்கத் தண்டவாளத்தோடு இணைந்திருக்கும். சாதாரண நேர்மின்னோட்டத்தில் இது குற்றமில்லை. டீகோடர் வந்த பிறகோ, மோட்டாரின் இரு முனைகளும் தண்டவாளத்திலிருந்து முற்றிலும் விலகியிருக்க வேண்டும். இல்லையேல் மின்சாரத்தைப் போட்ட கணமே டீகோடர் பலியாகிவிடும். மல்டிமீட்டரின் ஒரு முனையைச் சக்கரத்திலும் மறுமுனையைப் பிரஷிலும் வைத்து, இரு பிரஷ்களையும் இருபக்கச் சக்கரங்களோடும் தனித்தனியே சோதியுங்கள். ஓரிடத்தில் தொடர்பு காட்டினாலும் டீகோடரைப் பொருத்தாதீர்கள். டீகோடர் செருகும் இடம் முன்கூட்டியே அமைந்த புதிய என்ஜின்களில் இந்தக் கவலை இல்லை.

பழைய சக்கரங்களின் விளிம்பு ஆழமானது. 2.54 மி.மீ. உயரமுள்ள ‘கோட் 100’ (code, தண்டவாள உயரத்தைக் குறிக்கும் எண்) தண்டவாளத்தில் தடையின்றி ஓடுபவை, 1.9 மி.மீ. உயரமே கொண்ட ‘கோட் 75’ தண்டவாளத்தில், தண்டவாளத்தைக் கட்டைகளோடு பிடித்திருக்கும் பிடிப்புகளை உரசித் தடதடக்கும்.

பழையதை வாங்குவோர் துத்தநாகக் கலவை வார்ப்பையும் விளக்கொளியில் பார்க்க வேண்டும். கலவையில் ஈயம் போன்ற மாசு கலந்திருந்தால், வார்ப்பு ஆண்டுகள் செல்லச் செல்ல வீங்கி, மயிரிழை விரிசல்கள் விட்டு, கடைசியில் உதிர்ந்துவிடும். பசையால் ஒட்டியும் பயனில்லை. அத்தகைய என்ஜின்களை உதிரிப் பாகங்களுக்காக மட்டுமே நான் எடுத்துவைக்கிறேன்.