மழையைக் குடிக்கும் சுவர்

ஸ்காட்லாந்தின் வடமேற்கில் இருக்கும் லூயிஸ் தீவில் கூரை போன கல் வீடுகள் நிறைய உண்டு. சிறு குத்தகை விவசாயிகள் வாழ்ந்த 'பிளாக்ஹவுஸ்' வீடுகளின் மிச்சம். மூலைகள் மழுங்கி வளைந்திருக்கும், சுவர் மேல் புல் முளைத்திருக்கும். வாசலில் நின்று சுவரின் பருமனைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு மீட்டருக்கு மேல்! உண்மையில் அது ஒரு சுவர் அல்ல, இரண்டு. சாந்தில்லாமல் கல் அடுக்கிய உள்சுவர் ஒன்று, வெளிச்சுவர் ஒன்று. நடுவே மண்.

கூரை சுவரைத் தாண்டி நீண்டு, தண்ணீர் வெளியே சொட்ட வேண்டும் என்பதுதான் நாம் அறிந்த கணக்கு. இங்கே கூரை உள்சுவரின் மேலேயே உட்கார்ந்துவிடும். இறவாரமே கிடையாது. மழை நேராகச் சுவரின் தலையில் இறங்கும். கட்டினவருக்கு வேலை தெரியாதோ என்று தோன்றும். ஆனால் அட்லாண்டிக் புயலில் இறவாரம் நீட்டிக்கொண்டிருந்தால், காற்று அதன் அடியில் புகுந்து கூரையையே பிய்த்துவிடும். அதனால்தான் அதை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். போதாததற்குக் குறுக்கே கயிறு போட்டு, நுனியில் கனமான கல்லைக் கட்டித் தொங்கவிட்டார்கள். சரி, தண்ணீர்? அது நடுமண்ணில் இறங்கி, வெளிச்சுவரின் கல் இடுக்குகளில் கசிந்து போய்விடும். ஈரம் ஊறி இறுகிய மண்ணைத் தாண்டிக் காற்றும் வராது.

உள்ளே தரை நடுவில் பீட் நெருப்பு கனன்றுகொண்டிருக்கும். பீட் என்பது சதுப்பில் வெட்டி உலர்த்திய கரிமண். புகைபோக்கி கிடையாது, புகை கூரையில் வேய்ந்த வைக்கோல் வழியாகவே வெளியேறும். புகைக்கரி ஏறிய பழைய வைக்கோலைப் பிரித்து வயலுக்கு எருவாகப் போடுவார்கள். மாடுகளும் இதே கூரையின் கீழ், தரை சரிந்த கோடியில். அவற்றின் உடல் சூடும் வீட்டுக்கு உதவியது. ஆர்னல் கிராமத்தில் 42ஆம் எண் வீட்டை அப்படியே பாதுகாத்து, இன்றும் பீட் நெருப்பு மூட்டுகிறார்கள்.

மற்ற வீடுகளின் கூரை எங்கே போனது? லூயிஸில் மரம் அரிது. வீடு மாறுகிறவர்கள் உத்திரங்களைக் கழற்றி எடுத்துப் போனார்கள். பெருநிலத்தில் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கின் கதை வேறு. 1814லும் 1819லும் ஆட்டுப் பண்ணைக்காக நில உரிமையாளரின் ஆட்கள் குடும்பங்களை விரட்டினார்கள். திரும்பி வந்து குடியேறிவிடக் கூடாது என்று கூரை மரங்களைக் கொளுத்தினார்கள். கூரை போனதும் உள்சுவரும் நனைய ஆரம்பிக்கும். இடுக்கில் தேங்கிய நீர் உறையும்போது 9 சதவீதம் அளவு பெருகிக் கற்களைத் தள்ளும். குளிர்காலம் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து, கடைசியில் சரித்துவிடும்.

இப்படிச் சரிந்த இடங்களில் நெட்டில் செடி அடர்ந்து நிற்பதைப் பார்க்கலாம். நம் காஞ்சொறி போல, தொட்டால் சுள்ளென்று அரிக்கும். அதற்குப் பாஸ்பரஸ் என்றால் உயிர். சாணம், அடுப்புச் சாம்பல், எச்சில் எலும்பு என்று தலைமுறை தலைமுறையாகக் கொட்டியதில் அது மண்ணில் சேர்ந்துவிட்டது. நைட்ரஜனை மழை கரைத்துக்கொண்டு போய்விடும். பாஸ்பரஸ் இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக்கொண்டு நூற்றாண்டுக் கணக்கில் நகராது. அதனால் கல்லெல்லாம் புல்லுக்குள் புதைந்த பிறகும், தொழுவமோ குப்பைமேடோ எந்தப் பக்கம் இருந்தது என்பதை நெட்டில் பல சமயம் காட்டிக்கொடுத்துவிடும்.