உதவி நாயுடன் வெளியே போக: சட்டம் என்ன தருகிறது, நாய்க்கு என்ன பழக்கவேண்டும்

கதவை இழுத்துத் திறக்கவும் விழுந்த சாவியை எடுத்துத் தரவும் பழக்கிய நாயுடன், சக்கர நாற்காலியில் ஒருவர் கடைக்குப் போகிறார். வாசலில் மறிக்கிறார்கள். மறிக்கலாமா?

இலங்கையின் 1996 ஆம் ஆண்டு 28 ஆம் இலக்க அங்கவீனமுற்றோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் நாய் பற்றிய பேச்சே வராது. ஆனால் பொதுமக்கள் போய்வரும் எந்தக் கட்டடத்திலும் இடத்திலும் அங்கவீனத்தைக் காரணம் காட்டி ஒருவருக்குத் தடையோ நிபந்தனையோ போடக்கூடாது என்கிறது அதன் 23 ஆம் பிரிவு. 'நாயை வெளியில கட்டிப்போட்டு வாங்கோ' என்பதும் ஒரு நிபந்தனைதான் என்று வாதிட இடமுண்டு. இலங்கை 2016 இல் ஏற்றுக்கொண்ட, அங்கவீனமுற்றோர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 20 ஆம் உறுப்புரை, நடமாட்டத்துக்கு உயிருள்ள துணையையும் சேர்த்தே சொல்கிறது. அது வாதத்துக்கு வலுச் சேர்க்கும், தனியே வழக்கை வெல்லாது. எனவே மறித்தவர்களுக்கு எழுதும் கடிதத்தில் 'என் நாயை உள்ளே விடுங்கள்' என்று கேட்காதீர்கள். 'இந்த நாய் இல்லாமல் உங்கள் கதவை என்னால் திறக்க முடியாது' என்று எழுதுங்கள். உரிமை ஆளுக்குத்தான்.

மறித்தது அரச அலுவலகமோ இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸோ என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடலாம், கட்டணம் இல்லை. தனியார் கடை என்றால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுப் போடவேண்டும். அதற்குக் காசும் காலமும் போகும். முதலில் முகாமையாளரோடு பேசுவதுதான் புத்தி.

பையில் எப்போதும் மூன்று தாள் இருக்கட்டும்: உள்ளூராட்சி மன்றத்தில் நாயைப் பதிந்த சான்று, வருடாவருடம் போடும் விசர்நாய்த் தடுப்பூசி அட்டை, உங்கள் இயலாமையைக் குறிக்கும் வைத்தியச் சான்றிதழ். பிரதேச செயலகத்தின் சமூக சேவைகள் உத்தியோகத்தரிடம் பதிந்திருந்தால் அந்தக் கடிதமும் உதவும். இணையத்தில் விற்கும் 'சேர்விஸ் டோக்' அங்கிக்கும் அட்டைக்கும் இங்கே சட்டப் பெறுமதி எதுவும் இல்லை.

தாளைவிட நாயின் நடத்தைதான் வாசலைத் திறக்கும். உதவிநாய் வைத்திருப்போரின் சர்வதேச அமைப்பான ஐஏஏடிபி வகுத்த குறைந்தபட்ச அளவு, 6 மாதத்துக்குக் குறையாத காலத்தில் 120 மணி நேரப் பயிற்சி. அதில் 30 மணி நேரம் வெளியிடங்களில்.

கதவு இழுக்கப் பழக்கப் பழைய பருத்திச் சாரத்தைக் கிழித்துப் பின்னிய பட்டி போதும். நைலோன் கயிறு வேண்டாம், பல்லையும் ஈறையும் அறுக்கும். முதலில் பட்டியைக் கையில் பிடித்து 'இழு' என்று விளையாட்டாகப் பழக்குங்கள். பிறகு பூட்டாமல் சற்றே திறந்த அலுமாரிக் கதவில் கட்டுங்கள். நன்றாகச் சாத்திய கதவு கடைசியில்தான். அவசரப்பட்டுப் பாரக் கதவில் தொடங்கினால் இரண்டு தரம் தோற்ற நாய் மூன்றாம் தரம் பட்டியைப் பார்க்கவே பார்க்காது. குளிர்சாதனப் பெட்டியில் பழக்கினால் வேலை முடிந்ததும் பட்டியைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் இரவில் மீன் காணாமற்போகும்! சாவியை வாயில் எடுக்க மறுத்தால் உலோகத்தின் ருசி பிடிக்கவில்லை என்று அர்த்தம். துணி சுற்றித் தொடங்கி, துணியை மெல்ல மெல்லக் குறையுங்கள்.

நாயின் முதுகில் ஊன்றி எழும்புவது வேறு கதை. எலும்பு முற்றுமுன், பெரிய இன நாய்க்கு ஏறத்தாழ 2 வயதுக்கு முன், அதைச் செய்யவே கூடாது. மிருக வைத்தியரிடம் இடுப்பைக் காட்டிய பிறகும், ஆளின் பாரத்துக்கு ஏற்ற நாயா என்று பார்க்கவேண்டும். பெரும்பாலான ஊர் நாய்களுக்கு அந்த உடம்பு இல்லை. பொருள் எடுக்கும் வேலைக்கு அவை தாராளம்.

திருகோணமலையில் வெளியிடப் பயிற்சிக்குக் கோட்டைப் பக்கத்து மான்கள் நல்ல சோதனை. மான் பத்தடியில் மேயும்போதும் நாய் சக்கரத்தோடு ஒட்டி நின்றால் பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோகலாம். வெயில் ஏறிய தார் வீதியில் புறங்கையை 7 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். அந்நியரை மோப்பம் பிடிக்காமல், நக்காமல் இருக்கப் பழக்குங்கள். நாயின் எச்சில் பட்டால் தொழுகைக்கு முன் கழுவவேண்டியவர்கள் இதே பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருப்பார்கள்.