உரிமையாளர் இல்லாமல் பிறக்கும் நிறுவனம்

அமெரிக்காவில் பணிபுரியும் வாசகர் ஒருவர், ஓய்வுக்காலச் சேமிப்பைப் பங்குச் சந்தையில் போடாமல், ஒரு எல்.எல்.சி. (வரம்புறு பொறுப்பு நிறுவனம்) வழியாக வீடு வாங்கி வாடகைக்கு விடலாம் என்கிறார்களே, அதைச் சட்டம் எப்படி அனுமதிக்கிறது என்று கேட்டிருந்தார்.

1974-ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய தனிநபர் ஓய்வூதியக் கணக்கை வங்கியோ, ஒப்புதல் பெற்ற அறக்காவல் நிறுவனமோதான் வைத்திருக்க வேண்டும். ஆயுள் காப்பீடு, ஓவியம், பழம்பொருள் போன்ற சிலவற்றைத்தான் வரிச் சட்டம் விலக்கியிருக்கிறது. நிலத்தையும் வீட்டையும் விலக்கவில்லை. ஆகவே புதிய எல்.எல்.சி. ஒன்றைப் பதிவுசெய்து, அதன் உரிமைப் பங்குகளைக் கணக்கே வாங்கும்படி செய்து, சேமிப்பவர் ஊதியமில்லா மேலாளராக அமர்ந்துகொண்டால், ஒவ்வொரு செலவுக்கும் அறக்காவல் நிறுவனத்தின் கையெழுத்துக்குக் காத்திராமல், எல்.எல்.சி.யின் காசோலையைக் கொண்டே ஒழுகும் கூரையைச் செப்பனிடலாம்.

சிக்கல் வரிச் சட்டத்தின் 4975-ஆம் பிரிவில் இருக்கிறது. கணக்கும் அதற்குத் 'தகுதியற்ற நபர்'களும் தமக்குள் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது அப்பிரிவு. சேமிப்பவர், வாழ்க்கைத்துணை, பெற்றோர், பிள்ளைகள், பிள்ளைகளை மணந்தவர்கள் எல்லோரும் அந்தப் பட்டியலில் உண்டு. உடன்பிறந்தோர் இல்லை, அதாவது மருமகன் தகுதியற்றவர், தம்பி அல்லர் என்னும் விசித்திரமான உறவுமுறை அது. இவர்கள் பாதியோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் நிறுவனமும் தகுதியற்ற நபரே. அப்படியானால், சேமிப்பவர் தாமே தொடங்கிய நிறுவனத்திடமிருந்து அவருடைய கணக்கு பங்கு வாங்குவது எப்படிச் செல்லும்?

1996-இல் ஸ்வான்சன் வழக்கில் வரி நீதிமன்றம் அளித்த விடை, என்னைப் பொறுத்தவரை தர்க்கத்தின் அழகான துண்டு. பங்குகளைப் புதிதாக வெளியிடும் அந்தக் கணத்தில் நிறுவனத்துக்குப் பங்குதாரர் என்று எவருமே இல்லை. உரிமையாளரே இல்லாத ஒன்றை, உரிமையை வைத்துத் தகுதியற்றதாக்க முடியாது. ஆகவே அந்த முதல் வாங்கல் தடைசெய்யப்பட்டதன்று. ஏற்கெனவே பங்குகள் சேமிப்பவர் கையில் இருந்து, அவற்றைக் கணக்குக்கு விற்றிருந்தால் இந்த வாதம் நின்றிருக்காது. எது முதலில் நடந்தது என்னும் வரிசையில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆனால் எல்.எல்.சி. என்னும் பெயரைத் தாயத்தைப் போல் நம்புவோரும் உளர். விளம்பரங்கள் அந்த நம்பிக்கையை வளர்ப்பது எனக்கு எரிச்சலூட்டுகிறது. நிறுவனத்தின் பிறப்பைத்தான் அந்தத் தர்க்கம் காக்கும், பின்னால் நடப்பதை அன்று. மிசூரி மாநிலத்தில் பழைய கார் விற்பனைக்காக இப்படி எல்.எல்.சி. தொடங்கிய ஒருவரின் வழக்கில், 2013-இல், ஸ்வான்சன் தீர்ப்பைப் பின்பற்றி முதல் முதலீடு செல்லும் என்றது வரி நீதிமன்றம். ஆனால் அந்த நிறுவனத்திலிருந்து மேலாளர் என்ற முறையில் 2005-இல் அவர் பெற்ற 9,754 டாலர் ஊதியம், தமக்கே ஆதாயம் தேடிய தடைசெய்த நடவடிக்கை என்றது. இங்கே தண்டனை, எடுத்த தொகையின் அளவில் நிற்பதில்லை. அந்த ஆண்டின் முதல் நாளிலிருந்தே கணக்கு, ஓய்வூதியக் கணக்கு என்னும் தகுதியை இழக்கிறது. முழு மதிப்பும் உரியவரிடம் வழங்கப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது. அந்த ஊதியத்துக்காக 3 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட அவரது சேமிப்பு முழுவதும் வரிக்கு உள்ளாயிற்று. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2015-இல் அதை உறுதிசெய்தது.

வாசகர் வாங்க நினைக்கும் வீட்டுக்கும் இதே விதிதான்: வாடகை எல்.எல்.சி.யின் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும், அவர் மகள் அந்த வீட்டில் வாடகை கொடுத்தும் குடியிருக்கக் கூடாது.