டிக்கிக் கண்ணாடி உடைந்தால்: உப்புக்காற்று ஊரில் கவனிக்க வேண்டியவை

மண்டபம், பாம்பன், தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி என்று கடலை ஒட்டி ஓடும் வண்டிகளில் டிக்கிக் கண்ணாடி உடைந்தால் முதலில் வரும் கேள்விகள் இரண்டு: கண்ணாடி என்ன விலை, எத்தனை மணி நேரத்தில் கிடைக்கும்? கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கண்ணாடி உட்காரும் தகர விளிம்பு என்ன நிலையில் இருக்கிறது? இந்தக் கரையில் மாற்றிய கண்ணாடி ஒழுகுவதற்கும், காற்றில் விசிலடிப்பதற்கும், ஒரு வருஷத்தில் ஓரம் தூக்கிக்கொள்வதற்கும் கண்ணாடி அநேகமாகக் காரணமாக இருப்பதில்லை. அடியில் இருக்கும் விளிம்பில் உப்பும் துருவும் அப்படியே விடப்பட்டிருக்கும்.

முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் ஒரே சாதி அல்ல. முன்னால் இருப்பது இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி. கல் பட்டால் சிலந்தி வலை போலக் கீறும், ஆனால் நிற்கும். சிறிய புள்ளி என்றால் ரெசின் ஊற்றிச் சரிசெய்யவும் முடியும். காம்பாக்ட் எஸ்யூவிகளின் டிக்கியில் இருப்பது பொதுவாக டஃபண்ட் கண்ணாடி. 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றடித்துச் சட்டென்று குளிர வைத்தது. அதனால் மேற்பரப்பு இறுகியும் நடுப்பகுதி இழுபட்டும் இருக்கும். அந்தச் சமநிலை ஓர் இடத்தில் குலைந்தால் மொத்தமும் கற்கண்டு போல உதிர்ந்துவிடும். இதற்கு ரிப்பேர் கிடையாது, மாற்றத்தான் வேண்டும்.

'வெயிலில் நிறுத்தியிருந்தேன், தானாகவே வெடித்துவிட்டது' என்று பலர் சொல்வதுண்டு. நல்ல டஃபண்ட் கண்ணாடி வெயிலுக்கு உடையாது. அதன் பலவீனம் ஓரத்தில்தான். ஓரத்தில் எப்போதோ விழுந்த ஒரு சிறு சில்லு, பீடிங்குக்கு, அதாவது ஓர ரப்பர் பட்டைக்கு அடியில் பொருக்குத் தட்டி வளரும் துரு, தகரத்தோடு கண்ணாடி உரசும் ஓர் இடம், இவற்றில் ஏதாவது ஒன்று நாள்கணக்கில் காத்திருக்கும். சூடு கடைசித் தள்ளு மட்டுமே. இங்கே அடிக்கடி காரணமாவது சரக்கு. ஐஸ் பெட்டியையும் வலை மூட்டையையும் பின் சீட்டை மடக்கி ஏற்றிவிட்டு, ஒரு மூலை துருத்திக்கொண்டிருக்க டிக்கியை ஓங்கி அறைந்து சாத்தினால், பெட்டியின் மூலை கண்ணாடியின் உள்பக்கத்தில் இடிக்கும். தென்னைக்கும் பனைக்கும் கீழே வண்டியை நிறுத்தாதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உடைந்தவுடன்

சில நேரம் கண்ணாடி நொறுங்கியும் உதிராமல் நிற்கும். அப்போது டிக்கியைத் திறக்க வேண்டாம். உள்பக்கமாகவும் வெளிப்பக்கமாகவும் அகல டேப் ஒட்டிவிட்டுத்தான் மற்ற வேலை. கையுறையும் மூடிய செருப்பும் அவசியம். கண்ணாடி உதிர்ந்துவிட்டிருந்தால் இன்னொன்றைக் கவனியுங்கள். சுமார் 120 சென்டிமீட்டர் அகலமும் 50 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட, மூன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி 5 கிலோவுக்கு மேல் எடை வரும். அந்த எடை போனபின் டிக்கிக் கதவைத் தாங்கும் வாயுத் தண்டான கேஸ் ஷாக் கதவைச் சட்டென்று மேலே தூக்கும். முகத்தைக் குனிந்து வைத்துக்கொண்டு திறக்காதீர்கள்.

திறந்த பின்புறத்தோடு ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் வரை ஓட்டி வருவது சாதாரணமாக நடக்கிறது. அதில் ஓர் ஆபத்து உண்டு. வண்டி ஓடும்போது பின்னால் உருவாகும் காற்றுச் சுழல் சைலன்சர் புகையை உள்ளே இழுக்கும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. பின் சீட்டில் குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள். கனமான பாலிதீன் தாளை இறுக்கமாக ஒட்டி அடைத்து, ஏசி புளோயரை வெளிக்காற்று நிலையில் வேகமாக ஓடவிட்டு, மெதுவாக வாருங்கள். பாலிதீனை ஒட்ட மாஸ்கிங் டேப் போதும். பழுப்பு நிற பேக்கிங் டேப்பை வெயிலில் ஒரு நாள் விட்டால் பெயின்ட்டோடு சேர்ந்துதான் வரும்.

சில்லுகளைக் கூட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது பெரிய தவறு. பாதிச் சில்லு டிக்கிக் கதவின் வயிற்றுக்குள் இறங்கியிருக்கும். உள் லைனிங்கைக் கழற்றாமல் அது வெளியே வராது. வராவிட்டால் பூட்டின் பல்லுக்கு நடுவே சிக்கும். கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளை அடைக்கும். துளை அடைபட்டால் மழைநீரும் உப்பும் உள்ளேயே தங்கி, கதவு உள்ளிருந்து அரிக்க ஆரம்பிக்கும். ஸ்டெப்னி பள்ளம், பின் சீட் பெல்ட்டின் கொக்கி, சீட் மடிப்பு ஆகிய எல்லாவற்றையும் வேக்குவம் போட வேண்டும். பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்த்து, சில்லு ஒட்டியிருந்தால் தட்டிவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும்.

இன்சூரன்ஸ் கணக்கு

தேர்டு பார்ட்டி மட்டும் இருந்தால் கண்ணாடிக்குக் கிடைக்காது. முழு பாலிசி என்றால், கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு இல்லை. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். கட்டாயமாக நம் கையிலிருந்து போவது 1500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய். ஆனால் க்ளெய்ம் செய்தால் அடுத்த புதுப்பிப்பில் நோ க்ளெய்ம் போனஸ் போய்விடும், அதைக் காக்கும் கூடுதல் பாலிசி இருந்தாலொழிய. 50 சதவீத போனஸில் இருப்பவர், இழக்கப்போகும் தள்ளுபடியையும் கண்ணாடிச் செலவையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. க்ளெய்ம் என்றால் சில்லைக் கூட்டுவதற்கு முன்பே நம்பர் பிளேட் தெரியும்படி படம் எடுத்து, கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.

எந்தக் கண்ணாடி

ஒரே மாடல் என்றாலும் வேரியன்ட்டுக்கு ஏற்பக் கண்ணாடி மாறும். டிஃபாகர் கம்பி (கண்ணாடியில் படியும் ஈரப் படலத்தைச் சூட்டால் போக்கும் கோடுகள்) உண்டா, வைப்பருக்குத் துளை உண்டா, ஆன்டெனா கோடு உண்டா என்று பழைய கண்ணாடியின் படத்தையோ சேசிஸ் எண்ணையோ வைத்து உறுதி செய்ய வேண்டும். டிஃபாகர் இல்லாத கண்ணாடி விலை குறைவு என்று வாங்கிப் போடுகிறவர்கள் ஐப்பசி மழையில் பின்னால் வரும் லாரி தெரியாமல் தவிப்பார்கள். கண்ணாடியின் மூலையில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐ.எஸ். 2553 என்ற எண்ணும் இருக்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதி 100-இன்படி முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை விட வேண்டும். 'கறுப்பு ஃபிலிமும் ஒட்டித் தருகிறோம்' என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும். பின்னாளில் ஃபிலிமை பிளேடு வைத்துச் சுரண்டும்போது டிஃபாகர் கோடுகள் அறுந்துபோகும்.

புதுக் கண்ணாடியைப் பொருத்துவதற்கு முன் டிஃபாகரின் இரு முனைகளிலும் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். 12 வோல்ட்டில் சுமார் 10 முதல் 20 ஆம்பியர் இழுக்கும் கம்பி என்பதால், அளவு ஏறத்தாழ 0.6 முதல் 1.2 ஓம் வரை காட்டும். ஒட்டிய பிறகு பழுது தெரிந்தால் யாருக்கும் நிம்மதி இல்லை.

விளிம்பில்தான் வேலை

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு லைனிங், வயர், தண்ணீர்க் குழாய் ஆகியவற்றைப் பிரிக்க வேண்டும். லைனிங் கிளிப்புகள் நம் வெயிலில் வறண்டு முறியும். பத்து கிளிப்புகளாவது கையில் இருக்கட்டும். வைப்பர் கை உப்பேறி அச்சோடு பிடித்துக்கொண்டிருக்கும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு, புல்லர் என்ற இழுவைக் கருவி போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் அச்சு வளையும்.

பல வண்டிகளில் ஸ்பாய்லர், அதாவது கூரையின் பின்முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் பட்டை, கண்ணாடியின் மேல் ஓரத்தை மூடிக்கொண்டிருக்கும். அதைக் கழற்றாமல் கண்ணாடியை அடியிலிருந்து சொருகும் குறுக்கு வழி உண்டு. அரைமணி நேரம் மிச்சம். ஆனால் மேல் விளிம்பைச் சுத்தம் செய்யவும் முடியாது, பசை சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்கவும் முடியாது. மழை முதலில் இறங்குவதும் அந்த மேல் விளிம்பில்தான். ஸ்பாய்லரைக் கழற்றாமல் போடுகிறேன் என்றால் வேறு இடம் பாருங்கள்.

பழைய பசையைத் தகரம் தெரியும்வரை சுரண்டக் கூடாது. கூர்மையான கத்தியால் சீவி, 1 முதல் 2 மில்லிமீட்டர் அடுக்கை மட்டும் விட வேண்டும். நன்றாகப் பிடித்திருக்கும் பழைய பசையே புதுப் பசைக்குச் சிறந்த அடித்தளம். அதில் புதைந்திருக்கும் கண்ணாடித் துணுக்குகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும்.

பிறகு உப்பு. பட்டறைகளில் கிளீனரும் ஸ்பிரிட்டும் போட்டுத் துடைத்தால் எல்லாம் போய்விடும் என்ற நம்பிக்கை இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு போகும். உப்பு ஸ்பிரிட்டில் கரையாது. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தள்ளப்படும், அவ்வளவுதான். முதலில் நல்ல தண்ணீர், அதாவது குடிக்கிற தண்ணீரில் துணியை நனைத்து, துணியை மாற்றி மாற்றி மூன்று முறை துடைக்க வேண்டும். நம் பகுதியின் உவர் போர் தண்ணீர் இதற்கு ஆகாது, அதுவே உப்பைக் கொண்டுவந்து சேர்க்கும். முழுக்கக் காய்ந்த பிறகுதான் கிளீனர்.

துரு இருந்தால் அன்றைக்கே வண்டி வேண்டும் என்று அவசரப்படுத்தாதீர்கள். வெள்ளித் தகரம் தெரியும்வரை தேய்த்து, இரண்டு கலவை எபாக்ஸி பிரைமர் அடித்து, டின்னில் சொல்லியபடி காயவிட வேண்டும். ஓர் இரவு விடுவது நல்லது. துருவின் மேல் ஒட்டிய பசை துருவைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும், வண்டியை அல்ல. கத்தி பட்ட சிறு கீறலுக்குக்கூட பிரைமர் தொட்டு வைக்க வேண்டும். கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் ஊரில் சில வருஷம் தாங்கும் கீறல் தனுஷ்கோடி சாலையில் தினமும் ஓடும் வண்டியில் சில மாதங்களில் பொருக்காகிவிடும்.

வாடிக்கையாளராக நீங்கள் செய்ய வேண்டிய ஒரே காரியம் இந்தக் கட்டத்தில் இருக்கிறது: பசை வைப்பதற்கு முன் விளிம்பைக் காட்டச் சொல்லி, கைபேசியில் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல தொழிலாளி இதற்குக் கோபப்பட மாட்டார்.

பசை

பயன்படுத்த வேண்டியது கார் கண்ணாடிக்கென்றே வரும் பாலியூரித்தேன் பசை, அதாவது பி.யூ. சீலன்ட். காலாவதித் தேதியைப் பாருங்கள். ஜன்னலுக்கும் மீன் தொட்டிக்கும் வைக்கும் சிலிக்கான் கூடாது. காடி வாடை அடிக்கும் சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். அது தகரத்தை அரிக்கும். அதைவிடக் கெடுதல், ஒருமுறை சிலிக்கான் பட்ட விளிம்பில் பிறகு பி.யூ. பிடிக்காது. இந்தத் தவறைச் சரிசெய்வது புதிதாகப் போடுவதைவிட இரண்டு மடங்கு வேலை.

கண்ணாடியின் சுற்றளவு சுமார் 3.4 மீட்டர். டியூப்பின் மூக்கை 8 மில்லிமீட்டர் அகலம், 12 மில்லிமீட்டர் உயரத்துக்கு முக்கோணமாக வெட்டி வைத்தால் 165 மில்லி பசை செலவாகும். 310 மில்லி டியூப் ஒன்று தாராளம். பாதி டியூப்பில் இரண்டு வண்டி முடிக்கிறார்கள் என்றால் பசை மெலிதாகப் போகிறது என்று பொருள். அழுத்திய பிறகு தடிமன் 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால், பள்ளத்தில் டிக்கி முறுக்கும்போது கண்ணாடி தகரத்தில் இடிக்கும். ரப்பர் ஸ்பேசர்களை மறக்கக் கூடாது என்பதும் இதற்காகத்தான்.

முதலில் பசை இல்லாமல் கண்ணாடியை வைத்துப் பார்த்து, இரு பக்கமும் டேப்பில் அடையாளம் போட வேண்டும். பிறகு கண்ணாடியின் கறுப்பு ஓரத்தை ஆக்டிவேட்டரால், அதாவது பசை பிடிக்க உதவும் திரவத்தால், ஒரே திசையில் துடைத்து, பிரைமரை நன்றாகக் குலுக்கி ஒரே பூச்சாகப் பூசி, 10 முதல் 15 நிமிடம் காய விட வேண்டும். அதன்மேல் விரல் படக் கூடாது.

பி.யூ. பசை காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகுவது. டியூப்பில் எழுதியிருக்கும் நேரம் 23 டிகிரி, 50 சதவீத ஈரத்துக்கானது. நம் கரையில் இரண்டும் அதைவிட அதிகம். பசையின் மேல் தோல் விரைவாகக் கட்டும். டியூப்பில் 15 நிமிடம் என்றிருந்தால் 7, 8 நிமிடத்துக்குள் கண்ணாடி உட்கார்ந்துவிட வேண்டும். தோல் கட்டியபின் வைத்தால் ஒட்டியது போலத் தெரியும், ஒட்டியிருக்காது. இரண்டு பேர், இரண்டு சக்ஷன் கப், நிழல், நான்கு பக்கமும் அடைத்த இடம். ஆடிக் காற்றில் திறந்த வெளியில் பசை வைத்தால் அதில் மணல் படிவது உறுதி. பசையைத் தொடங்கி முடிக்கும் இணைப்பு மூலையில் வரக் கூடாது. பக்கவாட்டின் நேர்ப்பகுதியில் வரட்டும்.

பிறகு

எத்தனை மணி நேரத்தில் ஓட்டலாம் என்பது பசைக்குப் பசை மாறும். டியூப்பைப் பார்த்துக் கேளுங்கள். எந்தப் பசை என்றாலும் 24 மணி நேரத்துக்குக் கண்ணாடியைப் பிடித்திருக்கும் டேப்பை எடுக்க வேண்டாம், ஒரு பக்கக் கண்ணாடியை விரலளவு இறக்கி வையுங்கள். எல்லாக் கண்ணாடியும் மூடியிருக்கக் கதவை அறைந்தால் உள்ளே அழுந்தும் காற்று புதுக் கண்ணாடியை வெளியே தள்ளும். வாட்டர் சர்வீஸ் இரண்டு நாள் கழித்து.

மறுநாள் ஒழுக்குச் சோதனை செய்யுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, இன்னொருவர் குழாயில் அழுத்தம் இல்லாமல் கீழ் ஓரத்திலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் எங்கே நுழைந்தது என்று தெரியாது. டிஃபாகரை ஐந்து நிமிடம் போட்டு, கண்ணாடியின் மேல் ஈரத் துணியால் துடைத்தால் கோடுகளின் வழியே ஈரம் முதலில் காயும். காயாத கோடு அறுந்தது. டிஃபாகரின் வயர் மாட்டும் இரு முனைகளிலும் பச்சை பூத்திருந்தால் சுத்தம் செய்து இறுக்குங்கள். முனை பெயர்ந்துவிட்டால் சாதாரண உடனடிப் பசை மின்சாரம் கடத்தாது. வெள்ளி கலந்த கடத்தும் பசை வேண்டும்.

உப்பும் மணலும் படிந்த கண்ணாடியில் வைப்பரை உலர்வாக ஓட்டாதீர்கள், முதலில் தண்ணீர். முதல் வாடை மழை பெய்து முடிந்த மறுநாள் ஸ்டெப்னி பள்ளத்தின் தரைவிரிப்பைத் தூக்கி, கையை வைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் அந்த வாரமே கண்ணாடி ஒட்டிய இடத்துக்கு வண்டியைக் கொண்டு போங்கள்.